உட்காராதவர்களைப் பற்றிய படம்

தற்காலிக ஊழியருக்கு நாற்காலி கிடையாது என்பது அரசு ஆவணப்படத் துறையின் மேன்மைமிகு விதிகளில் ஒன்று. தற்காலிகமாக உட்கார்ந்தவர் நிரந்தரமாக எழுந்திருப்பதில்லை என்பது துறை கண்ட அனுபவம். ஆகவே, படம் பிடிக்கச் சேர்ந்தவள் மூன்று வருடமாக ஜன்னலோரம் நின்றாள். ‘மனிதரின் விபரீத நம்பிக்கைகள்’ என்ற படம் தேறினால் வேலை நிரந்தரம், நாற்காலியும் உண்டு என்று துறைத்தலைவர் வாக்களித்திருந்தார்.

ஊருக்கு வெளியே ஒரு கூட்டம் பதினொரு வருடமாக உட்காரவே இல்லை. நாற்காலி மூளையை உறிஞ்சிவிடும் என்பது அவர்கள் கொள்கை. அதை நிறுவியவர் ஒரு தச்சர். தூணோடு தன்னைத் துண்டால் கட்டிக்கொண்டு நின்றபடியே தூங்குவார்.

“எப்படிய்யா கண்டுபிடிச்சீங்க?” என்று கேமராவோடு போனவள் கேட்டாள்.

“நாப்பது வருஷம் ஆபீசுக்கெல்லாம் நாற்காலி செஞ்சேம்மா. உட்கார்றதுக்கு முன்னாடி எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க.”

“கால் வலிக்கலையா?”

தச்சர் குரலைத் தாழ்த்தினார். “வலிக்குதுன்னு சொன்னவனோட இங்க யாரும் பேச மாட்டோம்.”

அவள் வீங்கிய கால்களை நிதானமாகப் படம் பிடித்தாள். குந்தப் போன குழந்தையைத் தாய் வெடுக்கென்று தூக்கி நிறுத்தியதையும் பிடித்தாள்.

துறைத்தலைவர் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். “பிரமாதம்மா. அந்தக் கால், குழந்தை, ரெண்டையும் வெட்டிடு.”

“அதுதானே சார் படமே?”

“பதினொரு வருஷமா முணுமுணுக்காம நிக்கிறாங்க பாரு. அதுதான் படம்.”

வாய்வரை வந்த பதிலை, வரவிருக்கும் நாற்காலி தடுத்தது. இரண்டையும் வெட்டிவிட்டாள்.

படம் ‘நிற்றலின் நற்பயன்கள்’ என்று பெயர் மாறி எல்லா அலுவலகங்களிலும் காட்டப்பட்டது. பொதுமக்களும் நின்று பழகுமாறு சுற்றறிக்கை போயிற்று. அவள் வேலை நிரந்தரமாயிற்று. நாற்காலிக்கு மட்டும் தனி ஆணை வருமாம்.

அடுத்த வாரம் துறைத்தலைவர் பதறிக் கூப்பிட்டார். “அந்தக் கூட்டம் உட்கார்ந்துடுச்சாமே. இதைவிட விபரீதம் உண்டா? போய் எடும்மா.”

போனாள். ஆளுக்கொரு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“என்னய்யா ஆச்சு?”

“அரசாங்கமே நில்லுன்னு சொல்லுதுன்னா,” என்றார் தச்சர், “உட்கார்றதுலதான் நமக்கு ஏதோ நல்லது இருக்கணும்.” காலியாக இருந்த ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். “உட்காரும்மா. காலைப் பார்த்தாலே தெரியுது.”

அவள் நாற்காலியைப் பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“இருக்கட்டும்யா. எனக்கு இன்னும் ஆர்டர் வரல.”