குடையைத் தாழப் பிடித்த மச்சானுக்கு

திருகோணமலை,
செவ்வாய்க்கிழமை.

அன்பின் மச்சான் றஊப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் என் பெண்சாதி, உங்கள் ராத்தாவும் சுகம். கட்டாரில் வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். நான் சுகம் என்று எழுதியது ஒரு வழக்கத்துக்காகத்தான். உண்மையில் சனிக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அதற்குக் காரணம் நீங்கள். போனில் கேட்டிருப்பேன். ஆனால் போனில் கதைத்தால் உங்கள் ராத்தா பக்கத்தில் நின்று என் கதையைத் திருத்துவா. ஆகவே தபால்.

கிண்ணியாவில் ஒரு பழைய உழவு மெசின், ட்ராக்டர்தான், விற்பனைக்கு இருப்பதாகப் பேஸ்புக்கில் படம் வந்தது. மூக்கு நீண்ட, நம் வாப்பாமார் காலத்து மெசின். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவன் நான், பழைய இரும்பைக் கண்டால் கை சும்மா இராது. வாங்கித் துடைத்து முற்றத்தில் நிறுத்தினால் என்ன என்று ஓர் ஆசை. "நானும் வாறன், பாலத்தால போய்க் கனகாலம்" என்று உங்கள் ராத்தாவும் மீன் பொரித்துச் சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறினா. பாலம் தாண்டும்வரை என்னைப்போல நிம்மதியான மனுஷன் கிடையாது.

மெசின்காரரின் பெயர் ஜெமீல் என்றார்கள். ஜெமீல் என்றால் ஊரில் எத்தனையோ ஜெமீல். உள்ளே போய் மெசினைக் கண்டதும் உங்கள் ராத்தா, "அல்லாஹ், இது எங்கட கல்யாண மெசினெல்லோ!" என்று கூவினா. ஓம் மச்சான், என் மாப்பிள்ளை ஊர்வலம் வந்த அதே மெசின். அன்றைக்கு நானே ஓட்டி வருகிறேன் என்று எவ்வளவோ கேட்டேன். மாப்பிள்ளை மெசின் ஓட்டினால் ஊர் சிரிக்கும் என்று சொல்லி, பின்னால் இழுக்கிற பெட்டியில் கதிரை போட்டு என்னை இருத்திவிட்டார்கள். ஓட்டியவர்தான் இந்த ஜெமீல். பிறகு அதையே விலைக்கு வாங்கி வைத்திருக்கிறார். என் வயதுதான் இருக்கும், ஆனால் பல்லெல்லாம் சொந்தப் பல். தாடி கறுப்பு, அது சாயம் என்று எனக்குத் தெரியும். பெண்சாதி மௌத்தாகித் தனியே இருக்கிறாராம். நான் கேட்கவேயில்லை, அவராகவே சொன்னார்.

தேத்தண்ணி வந்தது. அதோடு நின்றிருக்கலாம். உங்கள் ராத்தா கோப்பையை வைத்துவிட்டு, அண்ணன்போல அவரைக் கூப்பிட்டுச் சொல்கிறா: "ஜெமீல் நானா, அண்டைக்கு நீங்க சிவப்புச் சேட்டு, கறுப்புக் கண்ணாடி. நான் ஜன்னல் சீலைய நீக்கிப் பாக்கன், மெசின்ல நீங்க நிமிந்து இரிக்கீங்க. நான் மாப்புள எண்டு நெனச்சது உங்களத்தான்!"

சொல்லிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தா. ஜெமீலும் சிரித்தார். நானும் சிரித்தேன், என் சிரிப்பு எப்படி இருந்ததென்று பார்த்தவர்கள்தான் சொல்லவேண்டும்.

"பொறகு எப்பதான் தெரிஞ்ச?" என்று ஜெமீல் கேட்டார்.

"பெட்டிக்குள்ள இருந்து இவர் இறங்கக்குள்ளதான்."

"அப்ப என்ன நெனச்சீங்க?" என்று கேட்டவன் நான்.

"என்னத்த நெனைக்கிற? கொஞ்ச நேரத்துல நிக்காஹும் முடிஞ்சிட்டு."

இதுதான் பதிலா மச்சான்? படியேற முழங்கால் ஏலாது என்று வீட்டில் முனகுகிறவ, ஜெமீல் ஒரு முக்காலியைப் போட்டதும் மெசினில் ஏறி மட்காட்டைத் தடவிக்கொண்டு இருக்கிறா. நான் ஏறி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், அது இருமக்கூட இல்லை. ஜெமீல் ஏறினார், ஒரே மூச்சில் பிடித்தது. "இவ என்ட கைக்குத்தான் மசிவா" என்றார். கப்பல் சாமானையே நூல் பிடித்தாற்போல் இறக்கியவனிடம் சொல்கிற சொல்லா இது?

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், அன்றைக்கு நான் என்ன உடுப்பு என்று. "வெள்ளையாத்தான் இரிக்கும், எல்லா மாப்புளமாரும் வெள்ளைதானே" என்றா. ஜெமீலின் சேட்டு மட்டும் பொத்தான் நிறம்வரை நினைவிருக்கிறது.

இனி உங்கள் விஷயம். அன்றைக்கு ஊர்வலம் உங்கள் வீட்டுக்குத் திரும்பிய கடைசி ஒழுங்கையில், பெண்வீட்டுச் சார்பில் பெட்டியில் ஏறி என் தலைக்குமேல் குடை பிடித்தது யார்? நீங்கள். சின்னப் பிள்ளை, கை எட்டவில்லை, குடை என் மூக்குவரை இறங்கி நின்றது. "மேல தூக்குங்க மச்சான்" என்று கெஞ்சினேன். நீங்கள் வாய் நிறையத் தொதல் இனிப்பை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினீர்கள். அந்தக் குடை ஒரு முழம் உயர்ந்திருந்தால் உங்கள் ராத்தா முதலில் கண்டது என் முகமாக இருந்திருக்கும். அல்லாஹ்வுக்காக உண்மையை எழுதுங்கள்: நான் இறங்கியபோது ஜன்னலில் அவவின் முகம் வாடியதா? வாடியிருந்தாலும் எழுதுங்கள், தாங்கிக்கொள்வேன். வாடவில்லை என்று எழுதினால் இன்னும் நல்லது.

அந்த மெசினை நான் வாங்கப்போவதில்லை. முற்றத்தில் நின்றால் காலையும் மாலையும் அதைப் பார்த்துப் பார்த்து ஜெமீலை நினைப்பா. இனிமேல் கிண்ணியாப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன்.

உங்களுக்கும் பெண்சாதி அப்ராவுக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பறக்கத்தையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். குடையைத் தவிர உங்கள்மேல் எனக்கு வேறு கோபமில்லை. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
வெள்ளைச் சட்டைக்கார மச்சான்,
முஹம்மது தம்பி.

பி.கு: கடிதத்தை ஒட்டாமல் இரண்டு நாள் வைத்திருந்ததில் ஒரு யோசனை வந்தது. மெசின் அங்கே நிற்கும்வரை அதில் ஏறி இருக்கப்போவது ஜெமீல்தானே? ஆகவே வாங்கிவிட்டேன். ஸ்டார்ட் பண்ணும் சூட்சுமத்தையும் காட்டித் தந்தார், நல்ல மனுஷன்தான், அது வேறு விஷயம். நீங்கள் பெருநாளைக்கு வரும்வரை மெசின் அங்கேதான் நிற்கும், ஆனால் அதைத் திருகி ஸ்டார்ட் பண்ணும் திறப்பு என் சட்டைப்பையில். வரும்போது நல்ல கறுப்புக் கண்ணாடி ஒன்று கொண்டு வாருங்கள், சிவப்புச் சேட்டு இங்கேயே எடுத்துவிட்டேன். பாலத்தால் நானே ஓட்டி வருவேன். ஜன்னலில் நின்று பார்க்கச் சொன்னதற்கு, "ஒங்களுக்கென்ன பைத்தியமா?" என்றா உங்கள் ராத்தா. ஆனால் இன்று காலையில் ஜன்னல் சீலையைக் கழற்றித் துவைத்துக் காயப்போட்டிருக்கிறா. நீங்களும் பின்னால் பெட்டியில் ஏறி வரலாம். குடை மட்டும் கொண்டு வராதீர்கள்.