டெரன்ஸ் மெட்காஃப் தேடிக் கொடுத்த உள்ளான்

தேடித் தருகிறேன் என்று கிளம்பும் ஆசாமியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொலைத்தவர் வாய் திறப்பதற்குள் வந்து நிற்பார். வெறுங்கையோடு வரமாட்டார், கையில் ஒரு கருவி இருக்கும். அதன் உறையைக் கழற்ற ஒரு முறை உண்டு, கண்ணாடியைத் துடைக்க ஒரு துணி உண்டு, துணியை வைக்க ஒரு பை உண்டு, பைக்கு ஒரு பூட்டும் உண்டு, இவ்வளவும் முடிந்து அவர் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு நிமிரும்போது நாம் எல்லோரும் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டால் விளக்குவார்.

யார்க்‌ஷயர் மலைப்பக்கம், எங்கள் ஹார்பெக் வேட்டைக் குழுவில், இந்த இனத்தின் கலப்பில்லாத மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் டெரன்ஸ் மெட்காஃப். அவருக்குப் பொறுக்குகிற வேலை. காடு கலைப்பவர்கள் கம்பால் புதரைத் தட்டி ஃபெசன்ட் கோழிகளைக் கிளப்புவார்கள், வரிசையாக நிற்கும் துப்பாக்கிக்காரர்கள் சுடுவார்கள், விழுந்ததையெல்லாம் தேடி எடுத்து வரவேண்டியது பொறுக்குகிறவர்கள் பாடு. மற்றவர்கள் இதற்கு நாய் வைத்திருக்கிறார்கள். டெரன்ஸும் வைத்துப் பார்த்தார். முதல் நாய் கிடைத்த பறவையைப் புதைத்தது. இரண்டாவது தின்றது. மூன்றாவது ஒருநாள் பக்கத்துப் பண்ணைக்கு ஓடி, அங்கே சாப்பாடு நன்றாயிருப்பதைக் கண்டு, அங்கேயே தங்கிவிட்டது. அதன்பிறகுதான் அவர் வெப்பக் கேமரா வாங்கினார்.

ஒற்றைக் கண்ணில் வைத்துப் பார்க்கிற சாமான் அது. குளிர்ந்ததெல்லாம் கறுப்பாகத் தெரியும், சூடானதெல்லாம் வெள்ளையாகத் தெரியும். சுடப்பட்டு விழுந்த பறவை கொஞ்ச நேரம் சூடாகவே கிடக்கும் அல்லவா? புதருக்குள் வெள்ளைப் பொட்டாகக் காட்டிக் கொடுத்துவிடும். நல்ல சாமான்தான். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேருக்கு அடிபட்ட பறவையைக் காட்டியிருக்கிறது. டெரன்ஸ் கைக்கு வந்தபிறகு அது பறவையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டியது.

தேநீர் இடைவேளையில் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "உங்க இடது காது ரொம்பக் குளுந்து கிடக்கு, கவனிங்க" என்பார். தட்டிலிருக்கும் போர்க் பைகளில், அதாவது பன்றிக்கறி அடைத்த அப்பங்களில், எது நடுவில் வேகவில்லை என்று அறிவிப்பார். அவர் சொன்ன பையை யாரும் தொடமாட்டார்கள்; அதைப் பிறகு அவர் தின்பார். நாயைக் கண்டால் மட்டும் அவருக்கு ஒரு இரக்கச் சிரிப்பு வரும். "பாவம், மூக்கை வச்சு என்னதான் பண்ணும்? சூடுன்னா சூடுதாங்க. அதுல பேச்சே கிடையாது" என்பார்.

இப்படியே சகித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, எங்கள் குழுத் தலைவர் ராய்ஸ்டன் ஆல்டர்சனின் வாழ்க்கையில் அது நடந்துவிட்டது.

காட்டு உள்ளான் என்று ஒரு பறவை இருக்கிறது. நீண்ட அலகு, சருகின் நிறம், வளைந்து நெளிந்து பறக்கும் குறும்பு. அதில் ஒன்றை அடிப்பதே பெரிய காரியம். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமல் இரண்டு குழலாலும் அடுத்தடுத்து இரண்டை வீழ்த்தியவனுக்கு இந்தப் பக்கத்தில் கிடைக்கும் மரியாதை மந்திரிகளுக்குக்கூடக் கிடைக்காது. இரண்டின் சிறகு நுனியிலும் இருக்கும் ஊசி இறகைப் பிடுங்கித் தொப்பியில் செருகிக்கொள்வான். சாகும்வரை அந்தத் தொப்பியைக் கழற்றமாட்டான். ஆனால் இரண்டு பறவையும் கையில் இருக்க வேண்டும், பார்த்த சாட்சி இரண்டு பேர் வேண்டும். ஆல்டர்சனின் அண்ணன் வில்ஃபிரட் இளவயதிலேயே அதைச் சாதித்தவர். அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்துக்கும் அந்தத் தொப்பியோடு வந்து, வாத்துக்கறியை வெட்டிக்கொண்டே, "நம்ம ராய்ஸ்டன் ஒண்ணு அடிப்பான். ரெண்டாவதுக்கு வானத்தைப் பாப்பான்" என்று சொல்லிச் சிரிப்பார். மேசை முழுக்கச் சிரிக்கும். ஆல்டர்சனும் சிரிப்பார். எழுபது வயதில் அப்படிச் சிரிப்பது எவ்வளவு வலிக்கும் என்று தம்பியாகப் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை ஆல்டர்சன் இரண்டு அடித்தார். நாயோடு பொறுக்க வரும் மவ்ரீன் பெக்வித் பார்த்தார். விருந்தாளியாக வந்திருந்த வக்கீல் ஃபாதர்கில்லும் பார்த்தார். முதல் உள்ளான் வண்டித்தடத்தில் விழுந்தது. மவ்ரீன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது கல்சுவருக்கு அந்தப் பக்கம், காய்ந்த பெரணிப் புதருக்குள் விழுந்தது. சருகின் நிறப் பறவை, சருகுக்குள்.

மவ்ரீன் தன் ஸ்பேனியல் நாய் பிஸ்கட்டைச் சுவருக்கு அப்பால் இறக்கிவிட்டார். பிஸ்கட் தரையை முகர்ந்துகொண்டே சுற்றி வந்தது, ஒரு மேட்டில் ஏறியது, உட்கார்ந்துவிட்டது.

"என்ன ஆச்சு இவளுக்கு?" என்றார் ஆல்டர்சன்.

"கோவிச்சுக்கிட்டா. காலையில போர்க் பையைத் திருடித் தின்னதுக்கு ஒரு தட்டு தட்டினேன், அதை மனசுலயே வச்சிருக்கா" என்றார் மவ்ரீன்.

பல நாய்களுக்கு உள்ளானின் வாடை பிடிக்காது. கண்டுபிடிக்கும், வாயில் மட்டும் வைக்காது. இது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். அன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஏன் வரும்? டெரன்ஸ் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தாரே.

"முதல்ல நாயை எடுங்க. பாக்குற இடமெல்லாம் நாயாத்தான் தெரியுது. இவ்வளவு பெரிய சூட்டை நடுவுல உக்கார வச்சுட்டு நான் எதைக் கண்டுபிடிக்கிறது?" என்றார் டெரன்ஸ்.

ஆல்டர்சன் நாயைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். உள்ளான் ஆறிக்கொண்டிருக்கிறது, ஆறினால் கறுப்பாகிவிடும், கறுப்பானால் வில்ஃபிரட் சிரிப்பார்.

"அவளைக் கூப்பிட்டுக்கோ, மவ்ரீன்" என்றார்.

பிஸ்கட் வந்தது. திரும்ப ஓடி அதே மேட்டில் உட்கார்ந்தது. மறுபடி கூப்பிட்டு வாரில் கட்டினார்கள். டெரன்ஸ் நேராக அந்த மேட்டில் ஏறி நின்றார். "இங்க நின்னாத்தான் நாலு பக்கமும் தெரியும்" என்றார். அதில் தப்பில்லை. நாலு பக்கமும் நன்றாகவே தெரிந்தது.

முதலில் ஒரு வெள்ளைப் பொட்டைக் கண்டுபிடித்தார். காடு கலைக்கும் ஆள் ஒருவர் ஆவலோடு கையை விட்டார். அப்போதுதான் போட்ட சாணி. அடுத்தது சுவர் மேல் யாரோ வைத்து மறந்த சூப் குடுவை. மூன்றாவதைக் கண்டதும் டெரன்ஸின் குரல் தாழ்ந்துவிட்டது.

"யாரும் பேசாதீங்க. முள்ளுப் புதருக்குப் பின்னாடி ஒண்ணு. ரொம்பப் பெருசு. குந்தியிருக்கு. உசுரு இருக்கு, முக்குது."

"உள்ளான் எங்கய்யா முக்கும்?" என்றார் ஆல்டர்சன்.

"அடிபட்டா எது வேணா முக்கும். நீங்க போய்ப் பாருங்க."

இரண்டு பேர் இரண்டு பக்கமாகச் சுற்றி வளைத்துப் பாய்ந்தார்கள். புதருக்குப் பின்னாலிருந்து வக்கீல் ஃபாதர்கில்லின் குரல், நீதிமன்றத்தில் ஒலிப்பது போலவே நிதானமாக வந்தது.

"முக்கினது நான்தான். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

கால்சட்டையை மாட்டிக்கொண்டு அவர் வந்தபோது முகம் சிவந்திருந்தது. "டெரன்ஸ், இந்த மிஷின்ல படம் எடுத்து வைக்குமா?" என்று கேட்டார்.

"அதுவா எடுத்துக்கும். உங்களது ரொம்பத் தெளிவா விழுந்திருக்கு."

"அழிச்சிடுங்க."

"எப்படிங்க அழிக்கிறது? இந்த சீசன்லயே இதுதான் நல்ல படம்."

ஃபாதர்கில் ஆல்டர்சன் பக்கம் திரும்பினார். "அப்போ நான் இன்னைக்கு எந்த உள்ளானையும் பாக்கல. நீங்க வேற சாட்சி பாத்துக்கோங்க."

பறவையும் போய், சாட்சியும் போனால் மனிதன் என்னதான் செய்வான்? ஆல்டர்சன் அதுவரை யாரையும் அதட்டிப் பேசியதில்லை. துப்பாக்கியை மவ்ரீன் கையில் கொடுத்துவிட்டு, பெரணியை மிதித்துக்கொண்டு மேட்டை நோக்கி நடந்தார்.

"குடுய்யா அதை."

"ராய்ஸ்டன், லென்ஸைத் தொடாதீங்க, கைரேகை விழுந்துரும்."

"குடுன்னா குடு."

டெரன்ஸ் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார். அவர் ரப்பர் பூட்ஸ் நின்றிருந்த இடத்தில், சருகோடு சருகாக, நீண்ட அலகோடு ஒன்று கிடந்தது.

உள்ளான்தான். தலை ஒரு பக்கம், சிறகு ஒரு பக்கம், நடுவில் பூட்ஸ் அச்சு அப்படியே பதிந்து, தோசைபோலத் தட்டையாகக் கிடந்தது. ஆல்டர்சன் மண்டியிட்டார். சிறகை விரித்துப் பார்த்தார். ஊசி இறகு ஒரு மடிப்பும் இல்லாமல் முழுசாக இருந்தது. அதை மெல்லப் பிடுங்கித் தொப்பியில் செருகிக்கொண்டார். அழுதார், அழுததை யாரிடமும் மறைக்கவுமில்லை.

படம் அழிக்கப்பட்டது. ஆல்டர்சன் பக்கத்திலேயே நின்று அழிக்கவைத்தார். உடனே ஃபாதர்கில்லுக்கு இரண்டு உள்ளானும் விழுந்த விதம் துல்லியமாக நினைவு வந்தது. பகல் சாப்பாட்டில் எல்லோரும் ஆல்டர்சனின் தொப்பியை நோக்கி ஜின் கோப்பையைத் தூக்கினோம். டெரன்ஸை இனிக் கூப்பிட வேண்டாம் என்று சொல்ல ஆல்டர்சன் எழுந்தபோது, டெரன்ஸே முந்திக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். நீங்க எல்லாரும் அங்கேயும் இங்கேயும் ஓடினீங்க. நான் முதல்லேர்ந்து எந்த இடத்துல நின்னேன்?"

ஆல்டர்சன் உட்கார்ந்துவிட்டார். அடுத்த சீசனுக்கும் டெரன்ஸ்தான் வருகிறார். ஒரு டிரோன் விலை விசாரித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் கைபேசியைப் பார்த்து "இன்னைக்கு மழை இல்லை" என்று மழையில் நின்றுகொண்டே சொன்னது யார்? பத்து வருஷமாகப் போய்வருகிற மாமனார் வீட்டுக்கு வழிகாட்டும் குரலைப் போட்டுக்கொண்டு, குளக்கரையில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தியது யார்? நீங்கள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தபோது, "அதோ இருக்குங்க" என்று வீட்டில் ஒருவர் கை காட்ட, "கொஞ்சம் தள்ளு, மறைக்கிறே" என்று அதட்டியது யார்? நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் ஏதாவது ரொம்ப நாளாகக் கிடைக்காமல் இருந்தால், எதற்கும் ஒருமுறை காலைத் தூக்கிப் பாருங்கள்.