தோளில் சாய்ந்த பொறுப்பு

பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரின் தலை, சொல்லாமல் கொள்ளாமல் தட்டச்சரின் தோளில் வந்து சாய்ந்தது. கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

வேறொரு நாளாக இருந்தால் நைசாகத் தோளை உருவிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பார். ஒன்றும் செய்யாமல் இருப்பதில் அவர் வீட்டிலும் அலுவலகத்திலும் பேர்போனவர். ஆனால் அன்று காலைதான் வக்கீல் அலுவலகத்தில் இருபது பக்கத் தீர்ப்பு ஒன்றைத் தட்டச்சு செய்திருந்தார். ரயில் வரும் நேரத்தில் ரயில்வே கேட்டை மூடாமல் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு இரண்டு வருஷம் சிறை. சும்மா இருந்தால்கூட உள்ளே போடுவார்கள் என்று தெரிந்ததிலிருந்து அவருக்குச் சும்மா இருக்கவே பயமாக இருந்தது.

"சார், சார்" என்று பெரியவரை உலுக்கினார். பதிலில்லை. வக்கீலுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு நீங்க உதவி பண்ணியே ஆகணும்னு இல்லய்யா. பேசாம கெளம்புங்க."

தட்டச்சருக்கு உயிர் வந்தது. "நல்லவேளை சார். நாலு தடவை உலுக்கிப் பார்த்துட்டு..."

"உலுக்கினீங்களா? எதுக்குய்யா தொட்டீங்க? உதவின்னு ஆரம்பிச்சுட்டா அப்புறம் நீங்கதான் பொறுப்பு. பாதியில விட்டுட்டுப் போனா வம்பு."

வந்த உயிர் வந்த வழியே திரும்பிப் போனது.

மணி மூன்றரை. பத்து நாள் அண்ணன் வீட்டிலிருந்துவிட்டு மனைவி நாலு மணி ரயிலில் வருகிறாள். ஸ்டேஷனில் போய் நிற்காவிட்டால் என்ன தண்டனை என்பது எந்தத் தீர்ப்பையும் படிக்காமலே அவருக்குத் தெரியும். இருந்தாலும் டாக்ஸியைக் கைகாட்டி நிறுத்தினார். டிரைவரும் அவருமாகப் பெரியவரைத் தூக்கி உள்ளே திணித்தார்கள்.

இரண்டு தெரு தாண்டியதும் பெரியவர் கண்ணைத் திறந்தார். "எங்க போறோம்?"

"ஆஸ்பத்திரிக்குங்க. ப... பயப்படாதீங்க." சொன்னவருக்குத்தான் பல் தந்தியடித்தது. சட்டை வேர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது.

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கா? ரொம்ப சரி. டிரைவர், கொஞ்சம் சீக்கிரமா போப்பா" என்று சொல்லிவிட்டு, தட்டச்சரின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பாவம், உயிர் பயம் என்று நினைத்துக்கொண்டார் தட்டச்சர்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் கேட்டாள். "இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

யாரென்றே தெரியாது என்றால் போலீஸ், விசாரணை என்று இழுத்துவிடுவார்கள். "சகலை" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார்.

"நீங்க உக்காருங்க, நான் பேசிக்கறேன்" என்று பெரியவர் நர்ஸைத் தனியே அழைத்துப் போனார். இந்த நிலைமையிலும் மனுஷனுக்கு என்ன பெருந்தன்மை.

திரும்பி வந்த நர்ஸ், "அந்தக் கட்டில்ல படுங்க. கையை நீட்டுங்க" என்றாள்.

"நானா?"

"நீங்கதான்."

ஒரு குழாய் நிறைய ரத்தம் எடுத்தாள். சகலைக்கு ரத்தம் வேண்டியிருக்கிறது போலும். ஆரம்பித்தாயிற்று, பாதியில் விட முடியாது. தட்டச்சர் மற்றக் கையையும் நீட்டினார். ஆனால் சட்டையைக் கழற்றி நெஞ்சில் ஒயர்களை ஒட்டியபோதுதான், ஒருவேளை இதயத்தையும் கேட்பார்களோ என்று கலக்கமாக இருந்தது. அந்தக் கலக்கத்திலேயே மனைவிக்குப் போன் செய்து, சகலைக்காக ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார்.

அரைமணி நேரத்தில் அவள் பெட்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"எனக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு அண்ணன். உங்களுக்குச் சகலை எங்கேருந்து வந்தார்? எனக்குத் தெரியாம எனக்கு யாரு தங்கச்சி?"

தட்டச்சர் படுத்தபடியே ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். "அவரை அப்படியே விட்டுட்டு வந்திருந்தா என்னைப் பிடிச்சு உள்ள போட்டிருப்பாங்க. அதான்."

முதல்முறையாக அவள் கண் கலங்கியது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இவர் தானாக ஒரு காரியம் செய்து அவள் பார்த்ததில்லை. ஈரக் கண்ணோடு நர்ஸிடம் திரும்பினாள்.

"பொழைச்சுக்குவாராம்மா அந்தப் பெரியவர்?"

"அவருக்கு என்னங்க, அவர் ரிடயர்டு டாக்டர், பஸ் ஸ்டாப்புல அசந்து தூங்கினவர் முழிச்சுப் பார்த்தா டாக்ஸியில உங்க வீட்டுக்காரர் வெலவெலத்துப்போய் உக்காந்திருந்தாராம், ஹார்ட் அட்டாக்கோன்னு பயந்து இங்க சேர்த்துட்டார், இப்ப 'இந்த ஆளைப் பாதியில விட்டுட்டுப் போனா என்னைப் பிடிச்சு உள்ள போட்டுருவாங்க'ன்னு வெளியில உக்காந்து புலம்பிக்கிட்டிருக்கார்" என்றாள் நர்ஸ்.