ஏரோதுப் பிள்ளையார்

வெட்கப்படுகிறவன் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்கமாட்டான்; அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்துபார்ப்பான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. வெட்கத்தில் மட்டும் பட்டப்படிப்பு.

எண்பதுகளின் நடுவில், சுவிட்சர்லாந்தில் எங்கடின் என்ற மலைப்பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு குளிர்காலத்தில், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் விருந்தினருக்கு விளக்கவுரை சொல்ல, தான் மரத்தில் செய்த கோயிலொன்றுடன் வந்தார். ஏரோது என்ற ராசா எருசலேமில் யூதருக்குப் புதுப்பித்துக் கட்டிய கோயிலாம். (மலையுச்சியில் அரண்மனை, கடலுக்குள் துறைமுகம் என்று கட்டித்தள்ளிய மனிதர். சும்மா இருக்கத் தெரியாதவர்.) ரயில் நிலையத்திலிருந்து அதைத் தூக்கிவரும் வேலை எனக்கு.

"ஒரு துண்டு தொலைந்தாலும் நீ வீட்டுக்குப் போகலாம்" என்றார் முதலாளி. வீடு என்றால் யாழ்ப்பாணம். அங்கே ஷெல் விழுந்துகொண்டிருந்தது.

மண்டபத்தில் இறக்கிவைத்துக் குனிந்து வாசலால் பார்த்தேன். மூலஸ்தானம் வெறுமை. சாமியைக் காணவில்லை.

வந்த வழியெல்லாம் பனியைக் கிளறினேன். எங்கள் சமையலறையில் மரக்கறி வெட்டும் சிவமண்ணை வந்து நின்றார்.

"என்னடா தேடுறாய்?"

"சாமி விழுந்திட்டுது அண்ணை. யூதற்றை சாமி."

"எப்பிடி இருக்கும்?"

"தெரிஞ்சா கண்டுபிடிச்சிருப்பனே."

"வாத்தியாரிட்டைக் கேளன்."

"எனக்கு வெக்கமா இருக்கு."

"அப்ப ஊருக்குப் போ. அங்கை வெக்கப்பட நேரம் இருக்காது."

நான் கேட்கவில்லை. அம்மா தந்துவிட்ட பெருவிரல் அளவு பித்தளைப் பிள்ளையார் என் கட்டில் தலைமாட்டில் இருந்தார். (எந்தக் காரியமென்றாலும் முதலில் அவர்தானே.) கொண்டுபோய் உள்ளே வைத்தேன். ராசா அவருக்கென்றே அளவெடுத்துக் கட்டியதுபோல் கச்சிதமாக இருந்தார்.

மாலையில் மண்டபம் நிறைந்தது. நான் சமையலறைக் கதவோரம் நின்றேன். சுவர், தூண், முற்றம் என்று நீட்டி முழக்கிய வாத்தியார், கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"இவ்வளவு பெரிய கட்டடம். நடுவில் என்ன இருந்தது தெரியுமா? ஒன்றுமேயில்லை."

கூரையைத் தூக்கினார். பிள்ளையார் சபையைப் பார்த்தார்.

வாத்தியார் கூரையை மூடித் திரும்பவும் திறந்தார். பிள்ளையார் இன்னும் இருந்தார். முதலாளியின் கண் நேரே என்னிடம் வந்தது.

முன்வரிசையில் இருந்த யூத அம்மா ஒருவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "எங்கள் தலைமைக் குருவே வருடத்தில் ஒரு நாள்தான் இதற்குள் போகலாம். இந்த யானையை யார் விட்டது?" என்றார். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. விருந்தினர் சிரித்தால் முதலாளியும் சிரித்தாகவேண்டும். அது ஹோட்டல் சட்டம். என் வேலை தப்பியது.

அந்தப் பிள்ளையார் இப்போது அதே நாட்டில் கூர் என்ற நகரத்தில், எங்கள் வீட்டுச் சாமித்தட்டில். மனைவி வைத்த பெயர் ஏரோதுப் பிள்ளையார். வேலைக்கு நேர்முகம் போகிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் கும்பிடுவார்கள். போன மாதம் மகளும் கண்ணை மூடி நின்றாள்.

"பிள்ளையாரப்பா, ஆரும் கூப்பிடாமலே நீ உள்ளை போனனீ. என்னையும் ஒருக்கா உள்ளை விடு."