ஸ்டாண்டு நைனாவும் எங்கள் தெரு சைக்கிள் சீட்டுகளும்

பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரர்கள் எதையெதையோ கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். ஆனால் ஒரு தெருவின் சைக்கிள் சீட்டுகளைப் பட்டப்பகலில் கழற்றிக்கொண்டு போனவர் எங்கள் ஸ்டாண்டு நைனா ஒருவர்தான்.

ஏரியில் இறால் பிடிப்பவர். முட்டியில் ஆபரேஷன். "சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு வீட்டுக்குள்ளயே தினம் அரைமணி நேரம் மிதிங்க. கால் மடங்கினாத்தான் தண்ணியில இறங்கலாம்" என்று பொன்னேரி டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் ஏரியில் வலை போடும் இடத்துக்கு முறை உண்டு, பாடு என்போம். இவர் பாடு வர நாற்பது நாள்தான் இருந்தது. அன்றைக்கு இறங்காவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும்.

மிதித்தார். பத்தாவது நிமிடம் அலறினார். வலி முட்டியில் இல்லை, உட்காரும் இடத்தில்! தலையணையைக் கட்டினார், வழுக்கியது. வலை மிதவைகளைக் கட்டினார், இன்னும் மோசம். குற்றமெல்லாம் சீட்டின் மேல்தான் என்று முடிவுகட்டி, நாளுக்கு ஒன்றாகக் கழற்றி மாட்டிப்பார்க்கத் தெருவிலுள்ள சீட்டுகளுக்கும் முறை வைத்தார். திங்கட்கிழமை என் சீட்டின் பாடாம்! என்னை ஒரு வார்த்தை கேட்கவேண்டாமா?

ஆபீசுக்குக் கிளம்பினால் சைக்கிளில் வெறும் கம்பி நிற்கிறது. சாயங்காலம் நேராக அவர் வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

"இன்னா நைனா நீ! பஸ் ஸ்டாண்டு வரிக்கும் நின்னுக்கினே மிதிச்சேன்!"

"வலிச்சுதா?"

"சீட்டே இல்ல, இன்னாத்த வலிக்கும்?"

மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "அட, படகுல நாம ஒரே எடத்துலயா குந்திக்கினு இருக்கறோம்? எழுந்து எழுந்துதான குந்தறோம்! இங்க கட்ட மாதிரி குந்திக்கினு சீட்டத் திட்டறேனே!"

மறுநாளிலிருந்து இரண்டு நிமிடத்துக்கொருமுறை பெடலில் எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்து மிதித்தார். அலறல் நின்றது. எனக்கு நன்றி சொன்னாரா? "நானே கண்டுபுடிச்சேன்" என்று என் காதுபடவே தெருவெல்லாம் சொன்னார். மற்றவர்கள் சீட்டெல்லாம் திரும்பிப் போயின. என்னுடையது மட்டும் வரவில்லை. அதுதான் மெத்தென்று இருக்கிறதாம்! அநியாயத்துக்கு ஓர் அளவில்லையா?

அவர் பாடு வந்தது. முழங்காலளவு தண்ணீரில் நின்று, முட்டியை மடக்கிக் குனிந்து வலையைக் கட்டினார். நிமிர்ந்தவர் கரையில் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடா, ஆபீஸ் இல்லியா?"

"சீட்டக் கேக்க வந்தேன்" என்று முறைத்தேன்.

பொய்தான். அந்தக் கால் மடங்குகிறதா என்று பார்க்கத்தான் லீவு போட்டுவிட்டு, விடிந்ததிலிருந்து அங்கே நின்றுகொண்டிருந்தேன்.