சகலைகள் விடுதலைக் குழு

இந்த ஞாயிற்றுக்கிழமை எவருடைய பீரோவையும் தூக்குவதில்லை என்று லிஃப்ட்காரர் முடிவெடுத்தபோது, பதினோராவது மாடிக்கும் பன்னிரண்டாவது மாடிக்கும் நடுவே பழுதாகி நின்றுபோன, தாம் சரிசெய்ய வந்த ஒரு லிஃப்ட்டின் தலைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பெரிய முடிவுகள் எடுப்பதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. இருட்டு இருக்கிறது. தனிமை இருக்கிறது. எடுத்த முடிவைச் சட்டென்று மாற்றிக்கொண்டு எழுந்து போகவும் முடியாது.

காரணம் கைப்பேசிதான். அது சட்டைப்பையில் இரண்டு முறை சிணுங்கியது. 'நம்ம வீடு' என்ற குடும்பக் குழுவில் மாமியார் குரலைப் பதிந்து அனுப்பியிருந்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை வீடு மாத்தறேன். புது வீடு மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாதாம். அதனால என்ன, லிஃப்ட்காரரே மாப்பிள்ளையா இருக்காரே!"

அந்தக் குழுவில் ஒன்பது பேர். மாமியார், அவருடைய நான்கு மகள்கள், நான்கு மாப்பிள்ளைகள். பேசுவது ஐவர். மாப்பிள்ளைகள் நால்வருக்கும் கட்டைவிரலை உயர்த்திச் சம்மதம் தெரிவிக்கும் உரிமை மட்டும் உண்டு. லிஃப்ட்காரர் மூத்த மாப்பிள்ளை. அவருக்குக் கீழே மூன்று சகலைகள்: தையல்காரர், பஸ் டிரைவர், ரொட்டிக்கடைக்காரர். மாமியாரின் குரல் ஓய்வதற்குள் அந்த மூவர் பெயரிலும் மூன்று கட்டைவிரல்கள் உயர்ந்தன.

லிஃப்ட்காரர் உயர்த்தவில்லை. கடந்த ஏழு ஞாயிறுகளும் அவர் கண்முன் வந்து நின்றன. ஒரு ஞாயிறு தண்ணீர்த் தொட்டி கழுவப் போயிற்று. இன்னொன்று கட்டிலைப் பிரிக்க; அடுத்தது, பிரித்த கட்டிலை மறுபடியும் பூட்ட. ஐந்தாவது ஞாயிறு எதற்காகப் போனோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. முதுகுக்கு மட்டும் நினைவிருந்தது. வாரத்தில் ஆறு நாள் ஊரார் ஏறி இறங்குவதற்காக உழைக்கிற மனிதனுக்கு ஒரே ஒரு நாள், ஒன்பது மணிவரை, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடக்க வழியில்லையா?

தனியாக எதிர்த்தால் நசுக்கிவிடுவார்கள். நால்வரும் சேர்ந்து எதிர்த்தால்? அதற்கு முதலில் நால்வரும் பேசிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு குழு வேண்டும். பெண்வாடையே இல்லாத குழு.

மூன்று எண்களையும் தேர்ந்தெடுத்து எழுதினார்: "இந்த ஞாயிறு யாரும் பீரோ தூக்கக் கூடாது. எல்லாருக்கும் சம்மதமா?"

சற்று நேரத்தில் மூவரும் பதில் சொன்னார்கள். தையல்காரர்: "மத்தவங்க சரின்னா எனக்கும் சரி." டிரைவர்: "மத்தவங்க என்ன சொல்றாங்க?" ரொட்டிக்கடைக்காரர்: "மத்தவங்க யாரு?"

அன்று மாலைவரை அவர் மாறி மாறிப் பதில் எழுதினார். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் போய்ச் சேரவே இல்லை. விடுதலைப் போராட்டம் தபால்காரர் உத்தியோகமாகிவிட்டது. சோர்ந்துபோய், கீழே இறங்கியதும் அந்தக் கட்டடத்தின் வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் கைப்பேசியை நீட்டினார்.

"அண்ணே, நீங்க ஆளுக்கு ஆள் தனித்தனியா போற மாதிரி வச்சிருக்கீங்க. எல்லாரும் எல்லாத்தையும் பார்க்கணும்னா செட்டிங்ஸ்ல போய்க் குழுச் செய்தின்னு மாத்தணும். இந்தாங்க, மாத்திட்டேன். குழுவுக்கு என்ன பேர் வைக்கட்டும்?"

மனத்துக்குள் அவர் வைத்திருந்த பெயர் 'சகலைகள் விடுதலைக் குழு.' ஆனால் வீட்டில் கைப்பேசி மேசைமேல் கிடக்கும். மனைவியின் கண் கழுகுக் கண்.

"கம்பெனி அவசரம்னு போடும்மா."

"சத்தம் வரணுமா, வேண்டாமா?"

"மூச்சுச் சத்தம்கூட வரக்கூடாது."

அந்தப் பெண் ஒலியை அடைத்தாள். "இதெல்லாம் அவங்க நம்பர்தானே? சரியாப் பார்த்துக்கோங்க. தப்பா யாரையாவது சேர்த்துட்டா வம்பு."

"கல்யாணம் ஆனதிலேர்ந்து இதே நம்பர்தாம்மா. தப்பு வர வழியே இல்லை."

அதன்பின் நடந்ததை லிஃப்ட்காரரே எதிர்பார்க்கவில்லை. அடைபட்டுக் கிடந்த ஆறு உடைத்துக்கொண்டது போல் சகலைகள் பேசினார்கள். நேரில் பார்த்தால் "ம்" என்பதற்குமேல் வாய் திறக்காத தையல்காரர், நிறுத்தற்குறி பிசகாமல் பத்தி பத்தியாக எழுதினார்: "அண்ணே, உயிரே போனாலும் அந்த பீரோவை நான் தொட மாட்டேன். நாம என்ன பாரம் இழுக்கற மாடா? நீங்க வழிகாட்டுங்க, நாங்க பின்னாடி வர்றோம்." ரொட்டிக்கடைக்காரர் அதற்கு ஏழு சிவப்பு இதயங்களை அனுப்பினார். டிரைவர் ஒருநாள் ஆவேசமாக எழுதிக்கொண்டே வந்து, "குக்கர் விசில் அடிக்குது, வந்துடறேன்" என்று பாதியில் போனார்.

லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கியது. 'பாவி மனுஷன். நாள் முழுக்கப் பஸ் ஓட்டிவிட்டு வந்து சமையலும் செய்கிறானே!' மற்ற மூவரையும்விடத் தம் நிலைமை பரவாயில்லை என்று அன்று முதன்முறையாகத் தோன்றியது. ஒடுக்கப்பட்டவர்களுக்கு எழுத்து வருவது இயற்கைதான் என்றும் தோன்றியது.

வியாழக்கிழமை அவர் முக்கியமான கேள்வியைப் போட்டார். "ஞாயிறு அன்னிக்கு வீட்ல இருந்தா பிடிச்சுடுவாங்க. எங்க போய்ப் படுக்கறது?"

பதில் தையல்காரரிடமிருந்து வந்தது.

"மாமியாரோட புது வீட்லயே படுத்துடலாம் அண்ணே. சாமான் சாயங்காலம்தான் வருதாம். அதுவரைக்கும் வீடு காலி. ஃபேன் மாட்டியாச்சு. சாவி மீட்டர் பெட்டிக்குள்ள இருக்கும். பீரோ வரப்போற வீட்லயே நாம தூங்குவோம்னு யாருக்காவது தோணுமா?"

லிஃப்ட்காரர் அதை மூன்று முறை படித்தார். இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டா இந்த மனிதர் இத்தனை வருடம் காஜா அடித்துக்கொண்டிருந்தார்!

"காலைல ஏழு மணிக்கே வந்துடுங்க" என்றார் டிரைவர்.

"வேலைக்குப் போறதா சொல்லிட்டுக் கிளம்புங்க" என்று ரொட்டிக்கடைக்காரர் சேர்த்துக்கொண்டார். "அண்ணி நம்பணும்ல? கயிறு, பெரிய கப்பி, தோள்பட்டை வார் எல்லாத்தையும் கையில எடுத்துக்கோங்க. வெறுங்கையோட போனா சந்தேகம் வரும்."

நுணுக்கமான ஆட்கள். லிஃப்ட்காரர் பெருமூச்சு விட்டார். அது நிம்மதிப் பெருமூச்சு.

சனிக்கிழமை மாலை மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவர் தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கு எனக்கு டியூட்டி வந்துடுச்சு."

"அப்படியா?"

"ஆஸ்பத்திரி லிஃப்ட். அவசரம். நோயாளிங்க எல்லாம் படியில நிக்கறாங்க."

"ஐயோ பாவம். போயிட்டு வாங்க."

அவர் இன்னும் நான்கு பொய்களைத் தயாராக வைத்திருந்தார். அவற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"உங்கம்மா வீடு மாத்தறாங்களே..."

"அதுக்கென்ன பண்றது? பொழைப்பு முக்கியம்."

"பீரோவை யாரு தூக்குவா?"

"தூக்கறவங்க தூக்குவாங்க. நீங்க ஏன் கவலைப்படறீங்க? எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"ஆறரைக்கு."

"கயிறெல்லாம் எடுத்து வச்சுட்டீங்களா?"

"எடுத்து வச்சுட்டேன்."

"கப்பி?"

"அதுவும் பையிலதான் இருக்கு."

"பழைய கப்பியா, புதுசா? பழசு கிறீச்சுன்னு கத்துமே."

"புதுசுதான்."

"அதான் நல்லது" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த சட்டையை மடித்தாள்.

மறுநாள் காலை அவள் கொடுத்த சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கியதும் அவருடைய ஒரு தோள் இறங்கியது. ஐந்தடுக்குக் கேரியர். கூடவே ஒரு பையில் இன்னொரு ஐந்தடுக்கு.

"எதுக்குடி இவ்வளவு?"

"கூட வேலை செய்யறவங்க இருப்பாங்கல்ல? நாலு பேருக்குக் குடுத்துச் சாப்பிடுங்க. வேலை செய்யறவங்க வயிறு வாடக்கூடாது."

இத்தனை நல்லவளையா ஏமாற்றுகிறோம் என்று அவருக்கு நெஞ்சு ஒரு கணம் உறுத்தியது. பஸ் வந்ததும் உறுத்தல் நின்றுவிட்டது.

கயிறு ஒரு தோளில், கப்பி இன்னொரு தோளில், இரண்டு கையிலும் கேரியர். மூன்று மாடி. ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கினார். இந்தப் படியில் இன்று பீரோ தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது மேல்மூச்சிலும் ஒரு சிரிப்பு வந்தது. மீட்டர் பெட்டிக்குள் சொன்னபடியே சாவி இருந்தது. உள்ளே புதுச் சுண்ணாம்பு வாசனை. கூடத்து ஃபேன் சுழன்றது. சகலைகள் இன்னும் வந்து சேரவில்லை. அவர் கயிற்றுச் சுருளைத் தலைக்கு வைத்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, கால்களை நீட்டினார்.

ஏழு வாரமாகக் காத்திருந்த தூக்கம். அது இருபத்தைந்து நிமிடம் நீடித்தது.

கீழே லாரி ஹாரன் அடித்தது. கனவு என்று புரண்டு படுத்தார். மறுபடியும் அடித்தது. எழுந்துபோய் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

லாரியின்மேல் இரும்பு பீரோ, வெயிலில் மின்னிக்கொண்டு, மல்லாந்து கிடந்தது. லாரி ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் மாமியார். பின்னால் வந்த வேனிலிருந்து மூன்று மைத்துனிகள் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால், கொட்டாவி விட்டபடி, தையல்காரரும் பஸ் டிரைவரும் ரொட்டிக்கடைக்காரரும். கடைசியாக அவருடைய மனைவி இறங்கி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தாள். அவள் முகத்தில் வியப்பின் சுவடே இல்லை.

"என்ன நின்னு வேடிக்கை பார்க்கறீங்க? கப்பியை அந்த பால்கனி உத்தரத்துல மாட்டுங்க! படியில ஏத்தினா சுவரெல்லாம் கீறிடும்!"

மாமியார் லாரியிலிருந்து இறங்கியபடியே அகமகிழ்ந்தார். "பாத்தீங்களாடி, மூத்த மாப்பிள்ளைன்னா இதான். விடியறதுக்கு முன்னாடியே வந்து நிக்கறார்!"

பத்து மணிக்கு பீரோ அந்தரத்தில் தொங்கியது. மேலே பால்கனியில் மாப்பிள்ளைகள் நால்வரும் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, தமக்குப் பின்னால் நின்ற தையல்காரரிடம் கிசுகிசுத்தார்.

"ஏன்யா துரோகி! உயிரே போனாலும் பீரோவைத் தொட மாட்டேன்னு எழுதினியே?"

"ம்?" என்றார் தையல்காரர்.

"குழுவுலய்யா! பத்தி பத்தியா எழுதினியே!"

"எனக்கு எங்க அண்ணே நேரம்? ரெண்டு கையும் துணியில, வாயில குண்டூசி. போன் வீட்டுக்காரிகிட்டதான் இருக்கும். அளவு கேக்கறது, ஆர்டர் வாங்கறது, எல்லாம் அவதான்."

கயிறு ஓரடி கீழே நழுவியது. "பிடிங்க பிடிங்க!" என்று கீழேயிருந்து நான்கு குரல்கள் எழுந்தன. மறுபடி இழுத்துப் பிடித்துக்கொண்டு அவர் டிரைவர் பக்கம் திரும்பினார்.

"நீ?"

"பஸ்ல போனோட பிடிபட்டா வேலை போயிடும் அண்ணே. வீட்லயே விட்டுட்டுத்தான் போவேன்."

"அப்ப குக்கர்...?"

"எந்தக் குக்கர்?"

ரொட்டிக்கடைக்காரரைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை. ஆனால் அந்த மனிதர் தாமாகவே சொன்னார். "மாவுல விழுந்து மூணு போன் வீணாச்சு. நாலாவதை வீட்டுக்காரி என் கையிலயே குடுக்கறதில்லை. ஆமா, என்ன குழு அண்ணே அது? எங்களையும் சேர்த்துக்கோங்களேன்."

சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு அடங்கியது. மைத்துனிகள் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பீரோ தனக்குரிய மூலையில், எதையும் அறியாததுபோல் நின்றது. லிஃப்ட்காரர் மாடிப்படியின் வளைவில் உட்கார்ந்து முதுகைச் சுவரோடு ஒட்டிவைத்திருந்தார். மனைவி ஒரு டம்ளர் தேநீரோடு வந்து பக்கத்தில் அமர்ந்தாள். கோபப்பட அவரிடம் மிச்சமிருந்த பலம் போதாது. எனவே சாதாரணமாகக் கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கிழமையே. நீங்க மொதல்ல தனித்தனியா அனுப்பினப்ப பாவம், தங்கச்சிங்களுக்கு ஒண்ணுமே புரியலை. ஒருத்திக்கொருத்தி போன் பண்ணி 'உனக்கென்ன வந்துச்சு, எனக்கு இது வந்துச்சு'ன்னு விசாரிச்சு மாய்ஞ்சு போனாளுங்க. நீங்க குழுவா மாத்தினப்புறம்தான் வசதியாச்சு."

அவர் தேநீரை ஒரு வாய் குடித்தார். சூடு, சர்க்கரை, எல்லாம் சரியாக இருந்தது. அதுவே மேலும் எரிச்சலாக இருந்தது.

"ராத்திரி பகல் பார்க்காம எழுதினேன். உரிமைன்னேன், ஒற்றுமைன்னேன். அத்தனையையும் படிச்சுட்டுச் சிரிச்சிருக்கீங்க. அந்தக் குழுவுல புருஷன்னு ஒருத்தன்கூட இல்லையாடி?"

"ஏன் இல்லாம? நீங்க ஒருத்தர் இருந்தீங்களே. போதாதா?"