பாக்டீரியாவுக்குப் பந்தல் போட்டவர்

சும்மா இருக்கச் சொன்னால் காய்ச்சல் கண்டுவிடும் ஒரு மனித இனம் உண்டு. இட்லி வேகும்போது மூடியைத் திறப்பார்கள், எலும்பு முறிந்து கட்டுப் போட்டவன் கையைத் தட்டி "வலிக்குதா?" என்பார்கள். எல்லாம் அன்புதான். அதில்தான் ஆபத்தே.

அருப்புக்கோட்டைச் சீமையில் இந்த இனத்தின் தலைமகன் சோலைச்சாமி. எம்.ரெட்டியபட்டியில் அவர் தங்கை பெத்தம்மாளுக்கு ஒரு துண்டு மானாவாரி நிலம். பக்கத்துச் சாயப்பட்டறை மூடிப்போவதற்குள் கழிவை விட்டு அதைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. எதை விதைத்தாலும் முளைக்கவில்லை. நிலம் வைத்திருந்தும் பெத்தம்மாள் கூலிக்குப் போனாள். அங்கேதான் ஆராய்ச்சி மாணவி சுகப்பிரியா வந்து சேர்ந்தாள். வறட்சியிலும் சாகாமல் சாயக் கழிவைத் தின்னும் மண் பாக்டீரியாவைத் தொழு உரத்தில் கலந்து நிலம் முழுக்கத் தூவினாள்.

"ஐயா, இனி யாரும் தொடாம விட்டாப் போதும். வெயிலத் தாங்குற வகை இது."

தொடாமலா? சோலைச்சாமிக்கு நெஞ்சு பதைத்தது. சித்திரை வெயிலில் பாடுபடும் சீவன்களை இப்படியா அநாதையாக விடுவது? தென்புறத்திலிருந்து தொடங்கினார். தென்னங்கீற்றில் பந்தல் போட்டார்; டேங்கர் லாரித் தண்ணீரைத் திறந்துவிட்டார்; வேலை எந்த மட்டில் இருக்கிறதென்று மண்வெட்டியால் தோண்டித் தோண்டிப் பார்த்து, ஒன்றும் கண்ணில் படாமல், "அம்புட்டும் ஓப்பி அடிக்குதுக" என்று கோபித்துக்கொண்டார். தேங்கிய தண்ணீர் நாறியது. அதற்கும் அவரிடம் வைத்தியம் இருந்தது. பிளீச்சிங் பவுடர்!

பெத்தம்மாள் ஓடிவந்தாள். "என்னண்ணே தூவுற?"

"பாவம், அதுகளுக்குக் கிருமி அண்டிரக் கூடாதுல்ல தாயி."

"அண்ணே, அதுகளே கிருமிதானண்ணே!"

சோலைச்சாமியின் கை அந்தரத்தில் நின்றது. "நல்ல கிருமிய இது ஒண்ணும் செய்யாது" என்றார். குரல் மட்டும் இறங்கிப்போயிருந்தது. மறுநாள் வடபுறத்தையும் கவனிக்கக் கிளம்பியவருக்குக் காலில் சீமைக்கருவேல முள் ஏறியது. கால் வீங்கி, மழைக்காலம் வரை கட்டிலோடு கிடந்தார்.

ஐப்பசியில் சுகப்பிரியா விதைத்துப் பார்த்த குதிரைவாலி வடபுறம் முழுக்கப் பச்சைப் பசேலென்று முளைத்தது. தென்புறம் மொட்டை. அந்த மண்ணைச் சோதித்துவிட்டு, "இங்க ஒண்ணுகூட உயிரோட இல்ல" என்றாள். பெத்தம்மாளுக்கு அது காதில் விழவில்லை; வடக்கே பயிருக்குள் குந்தி, ஒவ்வொரு நாற்றாகத் தொட்டுத் தொட்டு அழுதுகொண்டிருந்தாள்.

நொண்டிக்கொண்டு வந்த சோலைச்சாமி வரப்பில் நின்றார். இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் ஒருகணம் கறுத்தது. ஒரே கணம்தான்.

"பாத்தியா தாயி? அந்தப் பக்கம் போகாம இருக்க நான் பட்ட பாடு எனக்குல்ல தெரியும்!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நீங்கள் வருவதைக் கண்டதும், வீட்டில் யாராவது செய்துகொண்டிருந்த வேலையை அவசரமாக மறைக்கிறார்களா? அப்படியானால், ஊரும் பேரும்தான் வேறே.